கசாண்ட்ரா மெதுவாகும்போது எதைப் பதிவு செய்வது, எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். சேலம் ஜாகீர் அம்மாபாளையத்திலிருந்து இயங்கும் உங்கள் குழு, சேர்வராயன் மலையில் உள்ள காப்பித் தோட்டங்களுக்கு ஒரு செயலி நடத்துகிறது. நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வைத்திருக்கும் கருவிகள் மண்ணின் ஈரம், காற்றின் வெப்பம், மழையளவு ஆகியவற்றை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்புகின்றன. அவை மும்பைத் தரவு மையத்தில் ஆறு நோடுகள் (தனித்தனிச் சர்வர்கள்) சேர்ந்து இயங்கும் கசாண்ட்ரா என்ற பகிர்ந்த தரவுத்தளத்தின் கிளஸ்டரில், மும்மூன்று நகல்களாகச் சேமிக்கப்படுகின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் தோட்ட மேலாளர்கள் அன்றைய அறிக்கையைத் திறந்தால் நான்கைந்து நொடி ஆகிறது. ஆனால் கசாண்ட்ராவின் மெதுவான வினவல்களுக்கான லாக்கில் (பதிவுக் கோப்பில்) ஒன்றும் இல்லை. கண்காணிப்புத் திரையில் வாசிப்பின் சராசரி நேரம் 12 மில்லிநொடி என்றே காட்டுகிறது. இதில் எதை நம்புவது, எதைப் பதிவு செய்தால் காரணம் பிடிபடும் என்று கேட்கிறீர்கள்.

மேலாளர்கள் சொல்வது, லாக் சொல்வது, சராசரி சொல்வது ஆகிய மூன்றுமே உண்மையாக இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு இடங்களில் நின்று வெவ்வேறு நேரத்தை அளக்கின்றன. பகிர்ந்த தரவுத்தளத்தில் ஒரு கோரிக்கையின் நேரம் பெரும்பாலும் வேலையில் கழிவதில்லை, காத்திருப்பதில் கழிகிறது. ஆகவே "எவ்வளவு நேரம் ஆனது" என்று மட்டும் எழுதும் லாக்கால் பயன் குறைவு. அந்த நேரம் எந்தெந்தக் கட்டத்தில் கழிந்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். ஏற்காட்டுப் பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது என்று மட்டும் குறித்து வைத்தால், அது சேலத்திலேயே தாமதமாகப் புறப்பட்டதா, கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரிக்காக நின்றதா என்பது பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் அந்தக் காலி லாக்கைப் பார்ப்போம். கசாண்ட்ரா 3.10 பதிப்பிலிருந்து மெதுவான வினவல்களைத் தானாகவே பதிவு செய்கிறது. இயல்பு வரம்பு 500 மில்லிநொடி. ஆனால் அந்த வரிகள் சிஸ்டம் லாக்கில் விழுவதில்லை, பிழைதேடலுக்கான டீபக் (debug) லாக்கில்தான் விழுகின்றன. மைய லாக் சேகரிப்பில் சிஸ்டம் லாக்கை மட்டும் இணைத்துவிட்டு, டீபக் லாக் இடத்தை அடைக்கிறது என்று அணைத்துவைத்திருக்கும் குழுக்கள் பல உண்டு. உங்களுடையதும் அப்படி இருந்தால் லாக் காலியாகத் தெரிவதில் வியப்பில்லை. நேரடியாக ஒரு நோடில் நுழைந்து அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து நொடிக்கு ஒரு முறை, "கடந்த இத்தனை மில்லிநொடியில் இத்தனை செயல்கள் மெதுவாக இருந்தன" என்ற தலைப்போடு, வினவல், அது எடுத்த நேரம், வரம்பு ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே வினவல் பல முறை மெதுவாகியிருந்தால் சராசரி, குறைந்தது, அதிகம் என்று தொகுத்துத் தரும். ஒரு தொகுப்பில் எழுதும் வினவல்களுக்கு உச்சவரம்பும் உண்டு, அது 50.

கோப்பு இருந்தும் அது காலியாகவே இருந்தால், அந்த லாக் எதை அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது வாசிப்புகளை மட்டுமே கண்காணிக்கிறது; எழுதும் கோரிக்கைகள் எவ்வளவு தாமதமானாலும் அதில் வராது. மேலும் ஒரு நோடு தன் பங்கு வாசிப்பை முடிக்க எடுத்த நேரத்தைத்தான் அது அளக்கிறது. உங்கள் செயலி அனுப்பும் கோரிக்கை முதலில் ஏதோ ஒரு நோடை அடைகிறது. அந்தக் கோரிக்கைக்கு அதுதான் கோஆர்டினேட்டர். அது தரவின் நகல்கள் இருக்கும் நோடுகளுக்குக் கேள்வியை அனுப்பி, நீங்கள் குவோரம் (பெரும்பான்மை நகல்களின் பதில்) கேட்டிருந்தால் மூன்றில் இரண்டு பதில்களுக்காகக் காத்திருந்து, அவை ஒத்துப்போகாவிட்டால் சரிசெய்து, பிறகுதான் உங்களுக்குப் பதில் சொல்கிறது. செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் டிரைவர் நிரலுக்குள் இணைப்புக்காகக் காத்த நேரம், கோஆர்டினேட்டர் மற்ற நோடுகளுக்காகக் காத்த நேரம், பதில் திரும்பி வந்து பிரிக்கப்பட்ட நேரம் ஆகிய எவையும் அந்த லாக்கின் கண்ணில் படுவதில்லை.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இன்னும் எளிமையான ஒன்றின் மேல் விழுகிறது. அன்றைய அறிக்கை ஒரு தோட்டத்தின் 12 கருவிகளுக்கு மணிவாரியாகக் கோடு வரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திரையின் நிரல் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி வினவல் அனுப்பினால் மொத்தம் 288 வினவல்கள் ஆகும். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான பயணத்தையும் சேர்த்து ஒன்றுக்கு 15 மில்லிநொடி என்று வைத்து, ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று அனுப்பினால் 4,320 மில்லிநொடி, அதாவது உங்கள் மேலாளர்கள் சொல்லும் நான்கு நொடி வந்துவிடுகிறது. அந்த 288-இல் ஒன்றுகூட 500 மில்லிநொடி வரம்பின் பக்கத்தில் வராது. சராசரியும் அழகாகவே இருக்கும். தரவுத்தளத்தின் எந்த லாக்கிலும் இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் இது தரவுத்தளத்தின் குறையே இல்லை. திரையைத் திறந்த அந்த ஒரு செயலுக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, அதன்கீழ் எத்தனை வினவல்கள் போயின என்று எண்ணினால் மட்டுமே இது வெளிப்படும்.

இதைக் கண்டதும் பலர் 288 வினவல்களையும் ஒரே நேரத்தில் இணையாக அனுப்பத் தொடங்குகிறார்கள். நேரம் குறையும், ஆனால் வேறொரு சிக்கல் தலைதூக்கும். கூகுளின் ஜெஃப் டீன், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைக் காட்டினார்கள்: ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறைதான் மெதுவாகப் பதில் சொல்கிறது என்றாலும், ஒரு கோரிக்கை அத்தகைய 100 சர்வர்களின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தால், 63 விழுக்காடு கோரிக்கைகள் மெதுவாகிவிடும். அதே கணக்கை உங்கள் 288-க்குப் போட்டால் 94 விழுக்காடு வருகிறது. கருவிக்கு ஒரு நாளுக்கு ஒரே வினவல் என்று மாற்றி 12-ஆகக் குறைத்துவிட்டு இணையாக அனுப்பினால் அது 11 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. சராசரி 12 மில்லிநொடி என்பது ஏன் உங்களுக்கு உதவவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். பயனர் படும் தாமதத்தைத் தீர்மானிப்பது வரிசையின் வால்பகுதி; ஆகவே 99-ஆவது விழுக்காட்டு எல்லையையும் (நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றனவோ அது) 99.9-ஐயும் பாருங்கள். சராசரியைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாலும் நட்டமில்லை என்பது என் கருத்து.

இப்போது பதிவுக்கு வருகிறேன். பதிவு செயலியின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்; தரவுத்தளத்தின் பக்கத்திலிருந்து தொடங்கினால், மேலே சொன்ன 288 வினவல்கள் போன்ற காரணமே கண்ணில் படாமல் போகும். ஒவ்வொரு தரவுத்தளக் கோரிக்கைக்கும் செயலி எழுத வேண்டியவை: அந்தத் திரைத்திறப்பின் அடையாள எண், வினவலின் வார்ப்பு (மதிப்புகள் நீங்கலான வடிவம்), பார்ட்டிஷன் சாவி (தரவு எந்த நோடுகளில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் புலம்), கேட்ட ஒத்திசைவு நிலை (எத்தனை நகல்களின் பதில் வேண்டும் என்பது), கோஆர்டினேட்டராக இருந்த நோடின் முகவரி, எத்தனை பக்கங்கள் வாங்கப்பட்டன, எத்தனை வரிசைகள், எத்தனை மறுமுயற்சிகள், பிறகு நேரம். நேரத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: டிரைவரின் வரிசையில் காத்தது, அனுப்பியதிலிருந்து பதில் வரும் வரை, பதிலைப் பிரித்துப் பொருளாக்கியது. ஜாவா டிரைவரின் நான்காம் பதிப்பில் கோரிக்கைகளைப் பின்தொடரும் லாகர் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, மெதுவானது என்பதற்கான வரம்பைக் கொடுத்தால் போதும். மேலும் விவரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பதிலோடும் வரும் செயல்தகவல் பொருளில் கோஆர்டினேட்டரும் கூடுதல் முயற்சிகளின் எண்ணிக்கையும் கிடைக்கும்.

அடையாள எண்ணை நீங்களாக வடிவமைக்க வேண்டாம். கோரிக்கைகளைப் பின்தொடரும் தன் டாப்பர் கட்டமைப்பைப் பற்றி கூகுள் 2010-இல் வெளியிட்டபின் இந்த முறை பரவி, பின்னர் ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொதுத் திட்டமாக 2019-இல் ஒன்று சேர்ந்தது. டிரேஸ் எண் எனப்படும் இந்த அடையாள எண்ணைக் கோரிக்கையின் தலைப்பில் எப்படி அனுப்புவது என்பதற்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமே இருக்கிறது; 32 பதினறும இலக்கங்கள் கொண்ட அந்த எண் கைபேசிச் செயலியில் தொடங்கி, உங்கள் சர்வர் வழியாகத் தரவுத்தள லாக் வரை ஒன்றாகவே ஓட வேண்டும். கூடவே, உங்கள் சர்வர் தான் எடுத்த மொத்த நேரத்தைப் பதிலின் தலைப்பில் சர்வர்-டைமிங் என்ற புலத்தில் சேர்த்து அனுப்பட்டும். மலையில் மேலாளரின் கைபேசி 4.3 நொடி என்று சொல்லி, அதே பதிலில் சர்வர் 0.4 நொடி என்று சொன்னால், மீதி மலையின் கைபேசி இணைப்பிலோ திரை வரைவதிலோ கழிந்தது. அதற்காகக் கசாண்ட்ராவை நோண்டிப் பயனில்லை. சர்வர் தன் நேரத்தைப் பதிலோடு சேர்த்தே சொல்லும் இந்தப் பழக்கத்தைக் கௌச்பேஸ் தரவுத்தளம் தன் சாவி-மதிப்புச் சேவையிலேயே வைத்திருக்கிறது. அதன் டிரைவர் மொத்த நேரத்தையும் சர்வர் சொன்ன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறது. கசாண்ட்ரா அப்படித் தருவதில்லை என்பதால் அந்தப் பிரிவினையை நாம் வேறு வழியில் செய்ய வேண்டியிருக்கிறது.

நேரம் அளப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒரு கணினியில் எடுத்த தொடக்க நேரத்தையும் வேறொரு கணினியில் எடுத்த முடிவு நேரத்தையும் கழித்துக் கால அளவு காணாதீர்கள். கடிகாரங்கள் சில மில்லிநொடி முன்பின் இருப்பது சாதாரணம். அந்தக் கழித்தல் சில நேரம் எதிர்மறை எண்ணைக்கூடத் தரும். கால அளவை ஒரே கணினியின் பின்னோக்கி ஓடாத கடிகாரத்தால் அளந்து, நிகழ்ந்த நேரத்தை மட்டும் நாட்காட்டிக் கடிகாரத்திலிருந்து எழுதுங்கள். அதை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுவதே நல்லது, ஆனால் படிக்கும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறக்கக் கூடாது. உங்கள் தொல்லை மாலை ஆறு மணிக்கு மேல் என்பதால் ஒன்றை உடனே சரிபாருங்கள்: மாலை 6 மணி என்பது யுடிசியில் 12:30. மதிய இடைவேளையில் ஓடட்டும் என்று நினைத்து ரிப்பேர் (நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்வது), பேக்கப் போன்ற பணியை யாராவது 12:30 என்று குறித்திருந்து, சர்வரின் கடிகாரம் யுடிசியில் இருந்தால், அந்தப் பணி மேலாளர்கள் அறிக்கையைத் திறக்கும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரிப்பேர் ஓடும்போது நோடு தன் தரவைப் படித்து ஒப்பீட்டு மரம் கட்ட வேண்டும் என்பதால் வட்டின் வேலை கூடும்.

அடுத்து, தாமதம் தரவுத்தளத்துக்குள்தான் என்று செயலியின் பதிவு காட்டினால், இரண்டு கட்டளைகளின் விடையை ஒப்பிடுங்கள். கசாண்ட்ராவோடு வரும் நோட்டூல் என்ற கட்டளைக் கருவியில் ப்ராக்ஸி ஹிஸ்டோகிராம்ஸ் என்பது கோஆர்டினேட்டராக இருந்து பார்த்த முழு நேரத்தையும், டேபிள் ஹிஸ்டோகிராம்ஸ் என்பது அந்த நோடு தன் வட்டிலிருந்தும் நினைவகத்திலிருந்தும் படித்த நேரத்தையும் விழுக்காட்டு எல்லைகளாகக் காட்டும். 4.0 பதிப்பிலிருந்து இவற்றை மெய்நிகர் அட்டவணைகளில் சாதாரண செலக்ட் வினவலாகவே கேட்டு வாங்கலாம். 99-ஆவது எல்லையில் உள்ளூர் நேரம் 20 மில்லிநொடி, கோஆர்டினேட்டர் நேரம் 900 மில்லிநொடி என்று இருந்தால் வினவலைத் திருத்துவதில் பொழுதைச் செலவிட வேண்டாம். நோடுகளுக்கு இடையே ஏதோ காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே உயர்ந்திருந்தால் தரவின் அமைப்பிலோ வட்டிலோ தேடுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு ஒப்பீடு மற்ற எல்லாக் கருவிகளையும்விட அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

காத்திருப்பு என்றால் முதல் சந்தேகம் ஜாவாவின் கார்பேஜ் கலெக்ஷன் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) நிறுத்தங்களின் மேல் வர வேண்டும். 200 மில்லிநொடிக்கு மேற்பட்ட நிறுத்தங்களைக் கசாண்ட்ரா இயல்பாகவே சிஸ்டம் லாக்கில் குறிக்கிறது. ஒரு நொடியைத் தாண்டினால் எச்சரிக்கையாகவே எழுதும். இங்கே மெதுவான வினவல்களின் லாக் நம்மைத் தவறான வழியில் இழுக்கக்கூடும். நோடு ஒரு நொடி உறைந்து நின்றால், அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த எந்த வினவலும் மெதுவானதாகப் பதிவாகும். அது மிக எளிய வினவலாகவும் இருக்கலாம். ஒரே நோடில் ஒரே நொடியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அட்டவணைகளின் வினவல்கள் கூட்டமாக லாக்கில் வந்தால், அவற்றில் எதையும் திருத்தாதீர்கள். நோடின் நிறுத்தத்தைத் தேடுங்கள். ஒரே வினவல் வெவ்வேறு நோடுகளில், வெவ்வேறு நேரங்களில் வந்தால் அப்போது வினவலையும் தரவின் அமைப்பையும் பாருங்கள்.

இரண்டாவது, வரிசைகள். நோட்டூலின் டிபிஸ்டாட்ஸ் கட்டளையில் வாசிப்புக்கும் எழுதுவதற்கும் தனித்தனி வரிசைகளின் நிலை தெரியும். இரண்டுக்கும் இயல்பாக 32 இழைகள் (ஒரே நேரத்தில் இயங்கும் த்ரெட்கள்). காத்திருப்போர் எண்ணிக்கை தொடர்ந்து பூச்சியத்துக்கு மேலே நின்றாலோ, கைவிடப்பட்ட செய்திகளின் எண்ணிக்கை ஏறினாலோ, அந்த நோடு தன் திறனைத் தாண்டிவிட்டது. உங்கள் மலையில் இதற்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. மழையோடு மின்சாரமும் இணைப்பும் போய், சில மணி நேரம் கழித்துத் திரும்பும்போது, கருவிகள் சேமித்து வைத்த அளவுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் அனுப்புகின்றன. அந்த வெள்ளத்தில் எழுதும் வரிசை நிரம்பும், பின்னாலேயே கம்பாக்ஷன் (தரவுக் கோப்புகளை ஒன்றாக்கிச் சுருக்கும் வேலை) குவியும், அதே வட்டை நம்பியிருக்கும் வாசிப்புகளும் பின்தங்கும். இணைப்பு மீண்ட நேரங்களைச் செயலியில் பதிவு செய்து வைத்தால், மெதுவான நேரங்களோடு அவை பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடலாம். பொருந்தினால் கருவிகள் திரும்ப அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே தீர்வு, நோடுகளைக் கூட்டுவதல்ல.

உள்ளூர் வாசிப்பே மெதுவாக இருந்தால் உங்கள் வகைத் தரவில் நான் முதலில் தேடுவது டூம்ஸ்டோன்களை. கசாண்ட்ராவில் அழித்தல் என்பது உடனே நீக்குவதல்ல. அழிக்கப்பட்டது என்ற குறி ஒன்றை எழுதி வைப்பது. அந்தக் குறி இயல்பாக குறைந்தது 10 நாள் தங்கும். அதற்குப் பிறகும் கம்பாக்ஷன் அதைத் தொடும்போதுதான் போகும். "நாங்கள் எதையும் அழிப்பதே இல்லை" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் தயார்செய்யப்பட்ட இன்சர்ட் வினவலில் ஒரு புலத்துக்கு நல் (null, அதாவது வெற்று) மதிப்பு கொடுத்தால், அதையும் கசாண்ட்ரா அழித்தலாகவே எழுதுகிறது. உங்கள் கருவிகள் எல்லாவற்றிலும் எல்லா உணரிகளும் இருப்பதில்லை. மண் ஈரம் மட்டும் அளக்கும் கருவி, மழையளவு, வெப்பம், காற்றின் ஈரப்பதம் ஆகிய மூன்று புலங்களுக்கும் நல் அனுப்பினால், நிமிடத்துக்கு மூன்று குறிகள், நாளுக்கு 1,440 வரிசைகளோடு 4,320 குறிகள். அந்த நாளைப் படிக்கும் ஒவ்வொரு வாசிப்பும் அந்த 4,320 குறிகளையும் தாண்டித்தான் போக வேண்டும்.

இதற்குச் சான்று சிஸ்டம் லாக்கிலேயே கிடைக்கும். ஒரு வாசிப்பில் 1,000 குறிகளைத் தாண்டினால் கசாண்ட்ரா எச்சரிக்கிறது. "1440 உயிர் வரிசைகளும் 4320 டூம்ஸ்டோன் செல்களும் படித்தேன்" என்ற பொருளில், எந்த வினவல் என்பதையும் சேர்த்து எழுதும். 1,00,000-ஐத் தாண்டினால் வினவலையே நிறுத்திவிடும். பக்கம் பக்கமாக வாங்கும்போது இந்த எண்ணிக்கை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மாத அறிக்கையை 5,000 வரிசைகள் கொண்ட பக்கங்களாக வாங்கினால் ஒன்பது பக்கங்கள் வரும், ஒவ்வொன்றிலும் 15,000 குறிகள் வரை இருக்கலாம். எச்சரிக்கை ஒன்பது முறை விழும், வினவல் நிற்காது, நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். தீர்வு எளிது: மதிப்பில்லாத புலத்துக்கு நல் கொடுக்காமல் அதை அமைக்காமலே விடுங்கள், டிரைவரும் நெறிமுறையின் நான்காம் பதிப்பும் அதற்கு இடம் தருகின்றன. ஏற்கெனவே எழுதப்பட்ட குறிகள் கம்பாக்ஷனில் தீரும் வரை பொறுக்க வேண்டும்.

பார்ட்டிஷன் அளவையும் பாருங்கள். சாவி கருவியின் எண் மட்டும் என்றால் ஆண்டுக்கணக்கான அளவுகள் ஒரே பார்ட்டிஷனில் சேரும்; கம்பாக்ஷன் 100 மெகாபைட்டைத் தாண்டிய பார்ட்டிஷனை எழுதும்போது லாக்கில் எச்சரிக்கை விடும். சாவியில் மாதத்தையோ நாளையோ சேர்ப்பது இதற்கு வழக்கமான மருந்து. அதோடு, டேபிள் ஹிஸ்டோகிராம்ஸில் ஒரு வாசிப்பு வட்டிலுள்ள எத்தனை எஸ்எஸ்டேபிள் தரவுக் கோப்புகளைத் தொடுகிறது என்ற பத்தியும் இருக்கிறது. காலச் சாளர முறைக் கம்பாக்ஷன் (ஒரே காலப்பகுதியில் எழுதியவற்றை ஒன்றாகச் சேர்ப்பது) வைத்திருந்தும் அந்த எண் அதிகமாக இருந்தால், மின்தடைக்குப் பிறகு தாமதமாக வந்த அளவுகள் நேற்றைய பார்ட்டிஷனை இன்றைய கோப்புகளுக்கும் இழுத்து வந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

டிரேசிங்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வினவல்களை நேரடியாகத் தட்டி ஓட்டும் சிக்யூஎல் ஷெல்லில் டிரேசிங்கை இயக்கி ஒரு வினவலை ஓட்டினால், எந்த நோடில் என்ன நடந்தது, அதுவரை எத்தனை மைக்ரோநொடி ஆகியிருந்தது என்பது படிப்படியாக வரும். அந்த மைக்ரோநொடிகள் ஒவ்வொரு நோடும் தனக்குத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுபவை. ஒரு நோடின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு கழித்துப் பார்க்காதீர்கள். உற்பத்திச் சூழலில் நோட்டூல் மூலம் ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதத்தில் டிரேஸ் எடுக்கலாம். விவரங்கள் தனி அட்டவணைகளில் ஒரு நாள் வரை இருக்கும். எல்லாக் கோரிக்கைகளுக்கும் இயக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு டிரேஸும் பல வரிசைகளை எழுதுகிறது, மெதுவான கிளஸ்டரை அது இன்னும் மெதுவாக்கும். ஆயிரத்தில் ஒன்று எடுக்கும்போது எப்போதாவது வரும் மெதுவான கோரிக்கை அதில் சிக்குவது அரிது என்பதால், செயலியே தேர்ந்தெடுத்து இயக்குவது மேல்: புகார் சொன்ன தோட்டத்தின் அறிக்கை வினவலுக்கு மட்டும், மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும்.

வரம்பு எவ்வளவு வைப்பது என்பதில் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. மைசீக்வலின் இயல்பு 10 நொடி, மாங்கோடிபியின் இயல்பு 100 மில்லிநொடி. எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சாதாரண நாளின் 99-ஆவது எல்லை 60 மில்லிநொடி என்றால் வரம்பை 150 அளவில் வைத்து, லாக் எவ்வளவு பெருகுகிறது என்று சில நாள் பாருங்கள். இதைவிட முக்கியம், மெதுவானவற்றை மட்டும் பதிவு செய்யாமல், சாதாரணமாக முடிந்த கோரிக்கைகளிலும் ஒரு சிறு மாதிரியை அதே புலங்களோடு எழுதி வைப்பது. மெதுவான கோரிக்கைகளில் 70 விழுக்காடு மூன்றாம் நோடு வழியாகப் போனவை என்று கண்டதும் அந்த நோடின் மேல் பாய்ந்துவிடத் தோன்றும். ஆனால் எல்லாக் கோரிக்கைகளிலும் 70 விழுக்காடு அதன் வழியாகவே போகிறது என்றால் அந்தக் கண்டுபிடிப்பில் பொருளில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வியே வேறு: டிரைவர் ஏன் சுமையைப் பகிரவில்லை? ஒப்பிட இயல்பு நிலை கையில் இல்லாத லாக் சந்தேகங்களைத் தரும், முடிவைத் தராது.

வினவலின் மதிப்புகளை லாக்கில் எழுதுவதைத் தவிருங்கள். வார்ப்பும், பார்ட்டிஷன் சாவியின் ஹாஷும் போதும். அட்டவணைகளில் மேலாளர்களின் கைபேசி எண்கள் இருக்கும்போது, லாக் கோப்பும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வைக்குள் வரக்கூடியதே.

சோதனை ஓட்டம் நடத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். சோதனைக் கருவி ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்த கோரிக்கையை அனுப்புகிறது என்றால், நோடு இரண்டு நொடி உறைந்த நேரத்தில் அது ஒரே ஒரு கெட்ட அளவைத்தான் குறிக்கும். நிஜத்தில் அந்த இரண்டு நொடியில் வந்திருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் அனைத்தும் காத்திருந்திருக்கும். ஜாவா செயல்திறன் வல்லுநர் கில் டெனே இந்தக் குறையை வெகுகாலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார். நிலையான வேகத்தில் அனுப்பி, அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து அளக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் 99.9-ஆவது எல்லை உண்மையைவிட மிக நன்றாகத் தெரியும்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வரிசை. முதலில் அறிக்கைத் திரையின் ஒரு திறப்பில் எத்தனை வினவல்கள் போகின்றன என்று எண்ணுங்கள். அதற்கு அரை நாள்கூட ஆகாது. பிறகு ஆறு நோடுகளிலும் டீபக் லாக், சிஸ்டம் லாக் இரண்டிலும் யுடிசி 12:00 முதல் 14:00 வரையான பகுதியை வெட்டியெடுங்கள்; டூம்ஸ்டோன் எச்சரிக்கைகளும் நிறுத்தங்களின் வரிகளும் அதில் இருந்தால் கண்ணில் படும். அதே நேரத்தில் ப்ராக்ஸி ஹிஸ்டோகிராம்ஸ், அறிக்கை அட்டவணையின் டேபிள் ஹிஸ்டோகிராம்ஸ், டிபிஸ்டாட்ஸ் மூன்றையும் ஒரு மாலை மெதுவாக இருக்கும்போதும், ஒரு காலை வேகமாக இருக்கும்போதும் எடுத்து வையுங்கள். இவற்றோடு அட்டவணையின் கிரியேட் டேபிள் வரையறையையும், அறிக்கை வினவலின் வார்ப்பையும் கேள்வியில் சேர்த்தால், பார்ட்டிஷன் சாவியை மாற்ற வேண்டுமா, நிரலை மட்டும் மாற்றினால் போதுமா என்பதை எண்களை வைத்தே சொல்ல முடியும். அதுவரை நோடுகளைக் கூட்டவோ, டைம்அவுட்டை உயர்த்தவோ வேண்டாம். வாசிப்புக்கான டைம்அவுட் இயல்பாகவே 5 நொடி இருக்கிறது. அதை 10 ஆக்கினால் இப்போது பிழையாக முடியும் கோரிக்கைகள் சில, இன்னும் நீண்ட நேரம் இழைகளைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் காக்கவைக்கும்.